அண்ணனை யாரும் நிற்க வைத்துப் பார்க்கவில்லை

ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டத்தில் தோற்றவன் ஒரு பாட்டம் அழுதுவிட்டு அடுத்த முகாமுக்குத் தயாராகிவிடுவான். மெடிக்கலில் தோற்றவன் நிலைமை வேறு. உடம்பில் என்ன கோளாறு என்றே புரியாமல் கையில் ஒரு துண்டுச்சீட்டோடு ஊருக்கு பஸ் ஏறுவான். 2000ஆம் வருஷம் அப்படி பஸ் ஏறியவர்களில் நானும் ஒருவன். எனக்கு 19 வயது. 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் கூட்டத்தோடு வந்திருந்தேன். பீமில் தொங்கிப் பத்துப் புல்லப்ஸ் எடுத்தாயிற்று, 9 அடிப் பள்ளமும் தாண்டியாயிற்று. மறுநாள் மெடிக்கல்.

வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவராகத் தடுப்புக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. டாக்டர் வடநாட்டுக்காரர். பல், காது, முழங்கால், பாதம் எல்லாம் பார்த்து முடித்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து விதைப்பையைப் பார்த்தார். இடது விதைக்கு மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து உருட்டிவிட்டு, "காஸோ" என்றார். பக்கத்தில் நின்ற நர்சிங் அசிஸ்டன்ட் தமிழர். "இருமுப்பா" என்றார். இருமினேன். "இன்னும் பலமா." பலமாக இருமினேன். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதினார். மொத்தமே இரண்டு நிமிடம் இருக்கும். சீட்டில் 'டெம்பரரி அன்ஃபிட்', அதன் கீழே 'வேரிகோசீல், லெஃப்ட்'.

ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால் மறுபரிசோதனைக்கு வழி உண்டு என்று அந்த நர்சிங் அசிஸ்டன்ட்தான் எடுத்துச் சொன்னார். "பயப்படாத தம்பி. நூறு ஆம்பளையில பதினஞ்சு பேருக்கு இருக்கும். வெளிய யாரும் பாக்குறதில்ல, அதனால தெரியிறதில்ல."

எனக்கு வலி என்று எதுவும் இருந்ததில்லை. இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, கனமாக இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வீட்டில் அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாமாவிடம் சொன்னேன். மாமா, "ஓதமா இருக்கும்ல, தண்ணி கோத்திருக்கும்" என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவர் குடலிறக்கம் என்றார். எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. அங்கே விதைப்பையில் எது வந்தாலும் இந்த இரண்டு பேர்களில் ஒன்றுதான் கிடைக்கும்.

அரசு ஆஸ்பத்திரி சர்ஜன் ஓ.பி. சீட்டைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் படம் வரைந்து காட்டினார். நடுவில் மேலும் கீழுமாக ஒரு தடித்த கோடு, இரண்டு பக்கமும் அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகம், கீழே இரண்டு வட்டம். விதையிலிருந்து திரும்பும் கெட்ட ரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். வலது பக்கத்துக் குழாய் நடுவில் ஓடும் பெரிய சிரையில் சாய்வாகச் சேர்ந்துவிடுகிறது. இடது பக்கத்துக் குழாய் அதைவிட நீளமானது. அது இடது சிறுநீரகத்துச் சிரைவரை ஏறிப்போய், அங்கே நேர்குத்தாக முட்டிச் சேர்கிறது. ஏறிய ரத்தம் மறுபடி இறங்காமல் இருக்கக் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை சரியாக மூடாவிட்டால் ரத்தம் கீழே தேங்கும், குழாய்கள் புடைத்துச் சுருளும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இடது பக்கமே வருவது இதனால்தான். விரலில் பிடித்துப் பார்த்தால் மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் தட்டுப்படும்.

"விதை ரெண்டும் உடம்புக்கு வெளிய தொங்குறது எதுக்குன்னு யோசிச்சிருக்கியா?" என்று கேட்டார். உடம்புச் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். வயிற்றிலிருந்து இறங்கித் தேங்கும் சூடான ரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுத்துவிடுகிறது. சிலருக்கு விதையே சுருங்கிப்போகும். ஆனால் இது இருக்கிற பெரும்பாலான ஆண்கள் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார். பிறகு, "கல்யாணம் ஆயிருச்சா?" என்றார். இல்லை என்றேன். "பட்டாளத்துக்குப் போறேன்னு வந்திருக்க, செஞ்சிரலாம். இல்லன்னா, வலியில்லாத ஆளு, கல்யாணமும் ஆகல, விந்துப் பரிசோதனை பாத்துட்டு விட்டிருப்பேன்."

முதுகுத்தண்டில் ஊசி போட்டு, குடலிறக்கத்துக்குக் கீறுகிற இடத்தில் கீறி, புடைத்த குழாய்களைக் கட்டிவிட்டார்கள். கண்ணால் பார்த்துச் செய்கிற ஆபரேஷன். மறுபரிசோதனையில் தேறி, வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் அதே இடது பக்கம் லேசாக வீங்கியது. மறுபடியும் அதேதானோ என்று ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு, விதைப்பைக்குப் பின்னால் பென்சில் டார்ச்சை வைத்து அழுத்தினார். உள்ளே முழுக்கச் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. "தண்ணீர்தான். ரத்தமோ கட்டியோ இருந்தால் வெளிச்சம் ஊடுருவாது" என்றார். குழாய்களைக் கட்டும்போது கூடவே ஓடும் நிணநீர் நாளங்களும் கட்டுக்குள் மாட்டிக்கொண்டால் இப்படிக் கொஞ்சம் நீர் கோத்துக்கொள்ளும். கண்ணாடி முடியைப்போலத் தெரியும் அந்த நாளங்களை வெறும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். எனக்கு வந்தது சிறிய அளவுதான். இன்றுவரை தொந்தரவு இல்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். கோவில்பட்டியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மத்தியானம் மாவு பிசைய நின்றால் ராத்திரி பதினொன்றரைக்குத்தான் கல்லை அணைப்பார். 2002ல் கல்யாணம். நான் லீவில் வரும்போதெல்லாம் ராத்திரி அவரோடு வீட்டுக்கு நடந்து வருவது வழக்கம். கடைசி ஈட்டைக் கல்லில் போட்டுவிட்டு, இடது காலைத் தூக்கிப் பக்கத்திலிருந்த மைதா மூட்டைமேல் வைத்துக்கொண்டுதான் நிற்பார். இரண்டு கையாலும் பரோட்டாவை அடுக்கி அடித்துத் தளர்த்தும்போதும் அந்தக் கால் இறங்காது. நின்று நின்று கால் கடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படுத்ததும் கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். சாயங்காலம் ஏறி, படுத்தால் அடங்குகிற அந்த இழுக்கிற வலியை அவர் 'சூடு' என்று சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், காலையில் ஊறவைத்த வெந்தயம். கல்லடியில் வேலை பார்ப்பவனுக்கு உடம்பு சூடு பிடிக்காமல் என்ன செய்யும் என்பது வீட்டில் எல்லாருக்கும் ஒத்துப்போன காரணம்.

பிள்ளை தங்காத அந்த வருஷங்களில் மதினி பட்ட பாட்டை என்னால் ஒரே மூச்சில் எழுத முடியவில்லை. முதலில் கருப்பையைச் சுரண்டி எடுத்து ஒரு சோதனை. பிறகு கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று மருந்து ஏற்றி எக்ஸ்ரே. வலியில் கத்திவிட்டதாகவும், அங்கிருந்த ஆயா "பிள்ள வேணும்னா பொறுக்கணும்" என்றதாகவும் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார். மாதாமாதம் முட்டை வளர்ச்சி பார்க்க ஸ்கேன், ஊசி, மாத்திரை. வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியும் செய்தாயிற்று. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் தொட்டில் கட்டியாயிற்று. வளைகாப்பு வீடுகளுக்குப் போவதை அவராகவே நிறுத்திக்கொண்டார். எங்கள் அம்மா கெட்டவள் அல்ல. ஆனால் பேச்சுவாக்கில் "அவ வயித்துல ஒண்ணும் தங்கலையே" என்று அம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

2008 லீவில் ஒரு நாள் அந்த மருத்துவச் சீட்டுகளையெல்லாம் மதினி என் முன்னால் பரப்பினார். "நீங்க பட்டாளத்துல பெரிய டாக்டருங்கள பாத்திருப்பீங்க. இத யார்கிட்டயாச்சும் காட்டிக் கேளுங்க தம்பி" என்றார். பை நிறைய காகிதம். அத்தனையிலும் மதினி பெயர். அண்ணன் பெயரில் ஒரே ஒரு காகிதம்கூட இல்லை. அதைத் தேடி இரண்டாம் முறை புரட்டியபோதுதான் மைதா மூட்டைமேல் தூக்கி வைத்த கால் எனக்கு ஞாபகம் வந்தது.

அண்ணனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். நான் என் கதையை முழுசாகச் சொன்ன பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். வலி கல்யாணத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. ரகசியமாக வைத்தியமும் பார்த்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் முகாம் போடுகிற ஒரு வைத்தியரிடம். அந்த ஆள் வேட்டியைக்கூட விலக்கச் சொல்லவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நரம்புத் தளர்ச்சி, இளமையில் செய்த தவறு, ஆண்மை போய்விடும் என்று மிரட்டி, லேகிய டப்பாக்களைத் தலையில் கட்டியிருக்கிறான். பரோட்டா அடித்துச் சேர்த்த காசு. அண்ணனுக்குப் போனது காசு மட்டுமல்ல, நாம் ஆம்பளையே இல்லையோ என்ற எண்ணம் உள்ளே இறங்கிவிட்டிருந்தது. பேருந்து நிலையச் சுவர்களில் அந்த மாதிரி விளம்பரங்களை இன்று பார்த்தாலும் எனக்குக் கை நடுங்குகிற அளவுக்குக் கோபம் வரும். விதைப்பைக் குழாய்கள் புடைப்பதற்கும் கட்டிலில் ஆணாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. குழந்தை தங்காதவன் ஆண்மை இல்லாதவனும் இல்லை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து விற்றுத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

துப்பாக்கி தூக்க லாயக்கானவனா என்று தெரிந்துகொள்ள அரசாங்கம் என்னை 19 வயதில் நிற்க வைத்துத் தொட்டுப் பார்த்தது. ஆறு வருஷம் குழந்தைக்காக ஏங்கிய என் அண்ணனை ஒரு டாக்டரும் நிற்க வைத்துப் பார்க்கவில்லை. மதினிக்கு வைத்தியம் பார்த்த இடங்களிலெல்லாம் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மதினியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மதுரையில் ஒரு யூராலஜி டாக்டரிடம் போனோம். அவர் முதலில் செய்தது மின்விசிறியை நிறுத்தியது. குளிரில் விதைப்பை சுருங்கிக்கொண்டால் கைக்கு எதுவும் தெரியாதாம். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு அண்ணனை நிற்க வைத்தார். "மூச்சை இழுத்து அடக்கி, வெளிக்கிப் போறப்ப முக்குற மாதிரி முக்குங்க" என்றார். முக்கவே தேவையில்லை. தோலுக்கு மேலேயே சுருள் தெரிந்தது. நியூயார்க்கில் டூபின், அமலார் என்ற இரண்டு டாக்டர்கள் 1970ல் வகுத்துக் கொடுத்த படித்தரம்தான் உலகம் முழுக்க இன்றும் புழக்கத்தில் இருக்கிறது என்றார். முக்கினால் மட்டும் விரலில் தட்டுப்படுவது முதல் நிலை, சும்மா நின்றாலே தட்டுப்படுவது இரண்டு, கண்ணுக்கே தெரிவது மூன்று. அண்ணனுக்கு மூன்று. பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு மாலையை எடுத்தார். சின்னதிலிருந்து பெரியது வரை முட்டை வடிவ மணிகள் கோத்தது, ஒவ்வொன்றிலும் எண். விதையை ஒரு கையிலும் மணியை மறு கையிலும் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். வலது 18 மில்லி, இடது 12. படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தார். படுத்தவுடன் சுருள் அடங்கியது. அது நல்ல அறிகுறி என்றார். படுத்தும் அடங்காவிட்டாலோ, திடீரென்று முளைத்திருந்தாலோ, வலது பக்கம் மட்டும் வந்திருந்தாலோ வயிற்றை ஸ்கேன் செய்து சிறுநீரகத்தில் கட்டி ஏதும் குழாயை அழுத்துகிறதா என்று பார்த்துவிடுவது அவர் வழக்கம்.

விந்துப் பரிசோதனையை இடைவெளி விட்டு இரண்டு முறை எடுத்தார்கள். ஒரு மில்லியில் 60 லட்சம் அணுக்கள்தான், அவற்றிலும் நீந்துபவை குறைவு. அன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருந்த கீழ்வரம்பு 2 கோடி. பின்னால் 2010ல் அதை 1.5 கோடியாகக் குறைத்தார்கள், 2021ல் 1.6 கோடியாக்கினார்கள். எப்படிப் பார்த்தாலும் அண்ணன் கணக்கு பாதிக்கும் கீழே. ரத்தத்தில் ஹார்மோன்கள் சரியாக இருந்தன.

அந்த டாக்டரிடம் எனக்குப் பிடித்தது, அவர் சிகிச்சையை விற்கவில்லை. எடின்பரோவில் டல்லாக் என்ற சர்ஜன், விந்தில் அணுவே இல்லாத ஒருவருக்கு இந்த ஆபரேஷனைச் செய்து, பிறகு அவருக்குக் குழந்தை பிறந்ததை 1952ல் எழுதினார், குழந்தையின்மைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை டாக்டர்கள் தீவிரமாக எடுத்துக்கொண்டது அதன் பிறகுதான் என்றார். குழந்தையில்லை என்று வரும் ஆண்களைச் சோதித்தால் நூற்றுக்கு 35 முதல் 40 பேருக்கு இது இருக்கிறது என்றார். அதே மூச்சில், பிரிட்டனில் 2004ல் வந்த வழிகாட்டுதல் குழந்தைக்காக இந்த ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்வதையும், அமெரிக்க யூராலஜி சங்கம் அதை ஏற்காததையும் மறைக்காமல் சொன்னார். "கைக்குத் தெரியிற அளவு புடைப்பு இருக்கணும், விந்துல குறை இருக்கணும், வீட்டம்மாவுக்குப் பெரிய தடை எதுவும் இருக்கக் கூடாது. இந்த மூணும் சேர்ந்தா நான் செய்வேன். உங்களுக்குச் சேர்ந்திருக்கு. மூணுல ரெண்டு பேருக்கு அணு எண்ணிக்கை கூடும். கூடுற எல்லாருக்கும் குழந்தை தங்கிரும்னு நான் சொல்ல மாட்டேன்."

மதினிக்கு அப்போது 31. அவர் வயது 38 என்றால் ஆபரேஷன் செய்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லமாட்டேன், நேராகச் சோதனைக்குழாய் முறைக்கு அனுப்பியிருப்பேன் என்றும் சொன்னார். ஆணின் நோய்க்குச் சிகிச்சையைப் பெண்ணின் வயதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. யோசித்தால் அதுதான் நியாயம். விந்தணு உருவாகவே சுமார் இரண்டரை மாதம் ஆகும். ஆபரேஷனின் பலன் தெரிய மூன்று மாதம் முதல் ஒரு வருஷம்வரை பிடிக்கும். அந்தக் காலத்தைக் கொடுக்க மனைவியின் வயது இடம் தர வேண்டும்.

மதினி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நரம்பையெல்லாம் கட்டிட்டா ரத்தம் எப்படி சார் மேல போகும்?" டாக்டருக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. விந்துக்குழாயை ஒட்டி ஓடும் சின்னச் சிரைகள் தனியாக இருக்கின்றன, அவற்றைத் தொடுவதில்லை, ரத்தம் அந்த வழியாகத் திரும்பும் என்றார்.

ஆபரேஷனை மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்தார்கள். இடுப்பு மடிப்புக்குக் கீழே இரண்டு விரற்கடை நீளக் கீறல். வழியில் தசையை வெட்டுவதில்லை. விதைக்குப் போகும் கொடியை வெளியே தூக்கி வைத்து, பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபடி, ஒவ்வொரு சிரையாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். விதைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி மிக மெல்லியது. அது அறுபட்டால் விதையே சுருங்கிவிடலாம். அதன் துடிப்பைக் கேட்க டாப்ளர் பேனா வைத்திருந்தார்கள். எனக்கு நீர் கோக்கக் காரணமான நிணநீர் நாளங்களும் மைக்ரோஸ்கோப்பில் தெளிவாகத் தெரிவதால் அவற்றை ஒதுக்கிவிட முடிகிறது. அதனால் இந்த முறையில் நீர் கோப்பதும், புடைப்பு திரும்ப வருவதும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுதான். பழைய முறையில் இது பல மடங்கு. அண்ணன் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். சில வாரம் சைக்கிள் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது, இறுக்கமான லங்கோடு கட்டிக்கொள்ள வேண்டும். ஹோட்டல் முதலாளி அதுவரை கல்லாவில் உட்கார வைத்தார். திரும்பவும் கல்லடியில் நின்றபோது கால் மூட்டைமேல் ஏறவில்லை.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் பெரிய மாற்றம் இல்லை. அண்ணன் மனம் விட்டுவிட்டார். ஆறாம் மாதம் 1.9 கோடி. அதற்குப் பிறகும் மாதங்கள் போயின. 2010 கடைசியில் ஒரு நாள் நான் எல்லையில் இருந்தபோது போன் வந்தது. பேசியது அம்மா. அழுகையில் எனக்குப் பாதி புரியவில்லை. அந்தப் பிள்ளை இப்போது மேல்நிலைப்பள்ளி மாணவி. கணக்கில் கெட்டி.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. என் பட்டாலியனில் நாகர்கோவில்காரர் ஒருவர் இருந்தார். இதே முறை, நல்ல கைதான் செய்தது. எண்ணிக்கை அசையவே இல்லை. பிறகு லட்சங்கள் செலவழித்து, ஓர் அணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தும் முறையில்தான் அவருக்குப் பையன் பிறந்தான். பாலக்காட்டு நண்பர் ஒருவருக்கு வலிக்காகச் செய்த பழைய மாதிரி ஆபரேஷனுக்குப் பிறகு புடைப்பு திரும்பி வந்துவிட்டது. அவரை மறுபடி கீறவில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கே சிரைக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே இடது சிறுநீரகச் சிரைவரை ஏற்றி, அங்கிருந்து பழுதான குழாய்க்குள் இறக்கி, உலோகச் சுருள்களை வைத்து அடைத்துவிட்டார்கள். இதைச் செய்வது சர்ஜன் அல்ல, ரேடியாலஜி டாக்டர். தையல்கூட இல்லை. அவர் முழு நினைவோடு திரையில் தன் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஒருமுறை ஆபரேஷன் தவறிப்போனவர்களுக்கு இது நல்ல வழி. சிலருக்குக் குழாய் சரியான இடத்துக்குப் போய்ச் சேராமல் கைவிட வேண்டியும் வரும். வயிற்றில் துளைபோட்டு லேப்ராஸ்கோப்பில் மேலேயே கட்டுகிற முறையும் இருக்கிறது.

வலிக்கு மட்டும் வருபவர்களை உடனே கத்திக்கு அனுப்பக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். புடைப்பு உள்ளவர்களில் வலி வருவது நூற்றில் பத்துப் பேருக்குள்தான். தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை, நிற்கும் நேரத்தைக் குறைப்பது, தேவைப்பட்டால் மாத்திரை என்று பார்த்து, அதற்கும் அடங்காவிட்டால்தான் ஆபரேஷன். இழுக்கிற மாதிரி மந்தமான வலி என்றால் பெரும்பாலும் குணம் தெரியும். சுரீர் என்று குத்துகிற வலிக்கு வேறு காரணம் தேட வேண்டும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பையன்களுக்குத் திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி வந்து வாந்தி எடுத்தால் அது இந்த நோயே அல்ல. விதை முறுக்கிக்கொண்டிருக்கும். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் முறுக்கை அவிழ்க்காவிட்டால் விதை செத்துவிடக்கூடும். வெட்கப்பட்டு விடியட்டும் என்று படுத்துக்கிடக்கக் கூடாது.

நான் பென்ஷனில் வந்த பிறகு ஊரில் பையன்களுக்கு ஓட்டப்பயிற்சி கொடுக்கிறேன். சேரும்போதே ஒரு நிபந்தனை. மெடிக்கலுக்கு முன்பாக அரசு ஆஸ்பத்திரியில் நின்று காட்டிவிட்டு வர வேண்டும். வருஷத்துக்கு இரண்டு, மூன்று பேருக்காவது வேரிகோசீல் என்று சீட்டு வரும். பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு இடது விதை வலதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுத்திருந்தது. அந்த வயதில் அப்படி வளர்ச்சி பின்தங்கினால் பட்டாளம் இருக்கிறதோ இல்லையோ, சிகிச்சை தேவை. அவன் அப்பாவை உட்கார வைத்து இதைப் புரியவைக்க எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆயிற்று. "இதெல்லாமா வெளிய பேசுவாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பேசத்தான் வேண்டும் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

போன வாரம் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணமாகி மூன்று வருஷம். மனைவிக்குப் பாதிச் சோதனைகள் முடிந்துவிட்டன. கணவர் கையில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் இருந்தது. அதில் இரண்டு பக்கமும் குழாய்கள் லேசாகப் புடைத்திருப்பதாகப் போட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டே ஓர் இடத்தில் உடனே ஆபரேஷன், மொத்தமாக இவ்வளவு பணம் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். யாராவது தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். விந்துப் பரிசோதனை? அதுவும் இல்லை. ஸ்கேனில் மட்டும் தெரிந்து கைக்குத் தட்டுப்படாத புடைப்பைக் கட்டுவதால் குழந்தைக்குப் பலன் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதிருக்கட்டும்.

"அப்ப மொதல்ல யாருக்கு டெஸ்ட் எடுக்கணும் அண்ணே, எனக்கா, இவங்களுக்கா?" என்று அந்தப் பெண் கேட்டது.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மதினி வந்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே நாளுலம்மா. உங்க வீட்டுக்காரர வெளிய பெஞ்சில உக்கார விடாத" என்றார். வருகிற திங்கட்கிழமை திருநெல்வேலிக்கு அவர்களோடு மதினியும் போகிறார். எந்தக் கவுண்டரில் சீட்டுப் போட வேண்டும், அந்தப் பரிசோதனைக்கு முன்னால் இரண்டு முதல் ஏழு நாள்வரை கணவன் மனைவி சேராமல் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெண்ணை அடுக்களைக்குக் கூட்டிப்போய் அப்போதே சொல்லிக்கொடுத்துவிட்டார்.